கடல் கிணற்றில் நின்ற குடங்கள்

கடம்பந்துறைக்கு நேர் கிழக்கே ஒன்றரைக் கடல் மைல் தள்ளி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடலுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று திறந்துகொண்டது. தண்ணீர் லாரி ஊருக்குள் வந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தபடியால், அது எப்படித் திறந்தது, ஏன் திறந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கிணறு என்றால் அதற்குச் சுவர் கிடையாது, படி கிடையாது, கயிறும் வாளியும் வேண்டியதில்லை; நாற்பது அடி அகலத்தில் வட்டமாக ஒரு தண்ணீர், சுற்றியிருந்த கடலைவிட ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நின்றது, அலைகள் அதன் ஓரம் வரை வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் சேர்ந்துகொண்டன, அதற்குள் தெரியாமல் நுழைந்த ஒன்றிரண்டு காரல் மீன்களும் வீடு மாறி வந்துவிட்டவர்களைப் போல உடனே திரும்பிப் போயின. அதை முதலில் அள்ளிக் குடித்தவர் வலை எடுக்கப் போயிருந்த ஒரு வள்ளக்காரர். கரைக்கு வந்து, "நல்ல தண்ணிதான், ஆனா கொஞ்சம் பழசு" என்று சொல்லிவிட்டு, மீன் ஏலம் போடப் போய்விட்டார்.

பழசு என்று அவர் சொன்னது சரிதான் என்று சண்முகவடிவு சொன்னாள். அவள் நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்காரி, பாளையங்கோட்டைக்காரி, நாற்பது வயதுக்காரி. கடலுக்கு அடியிலிருக்கும் மணலில் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதா, வருங்காலத்தில் நகரங்களுக்கு அது உதவுமா என்று பார்ப்பதற்காக இரண்டு மாதமாக மிதவை மேடை கட்டிக் கடல் தரையில் துளை போட்டுக்கொண்டிருந்தவள். துளையை விதிப்படி சிமெண்டு வைத்து அடைத்து, மேடையை இழுத்துப் போனது திங்கட்கிழமை. மறுநாள் அந்த இடத்தில் கிணறு நின்றதைப் பார்த்தபோது அவள் உப்பளவு காட்டும் கருவியை இறக்கினாள், பேட்டரி மாற்றி மறுபடி இறக்கினாள், வேறு கருவி வரவழைத்து இறக்கினாள், கடைசியில் ஒரு வாய் குடித்தாள். அறிக்கையில் "கருவி சரியாகவே இருக்கிறது" என்று மூன்று இடத்தில் எழுதினாள்.

கடம்பந்துறையில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் அதுவரை இல்லை. அதனால் முதல் நாள் ஆண்கள்தான் குடங்களோடு போனார்கள், போனவர்கள் நாலா பக்கமிருந்தும் கிணற்றில் வள்ளத்தை முட்டி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, பாதிக் குடத்தைக் கடலில் கவிழ்த்து, இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டு திரும்பினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு மீன்பாடு தெரியும், காற்று தெரியும், வரிசையில் நிற்கத் தெரியாது. மறுநாள் பெண்கள் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்கள். அவர், பேழையில் ஏறின நோவா தன் பெண்டாட்டியைக் கரையில் விட்டுவிட்டு ஒன்றும் போகவில்லை என்றார், அதோடு அந்த வழக்கம் முடிந்தது.

பெண்கள் போனபோது முதல் வள்ளத்தில் மதலேன் இருந்தாள். மதலேனுக்கு நாற்பத்திநாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை ரெக்ஸிலினோடும் தங்கை புருஷனோடும் ஒரே வீட்டில் இருந்தாள், பத்தொன்பது வருஷமாகக் குழாயடி வரிசையைக் கட்டி ஆள்வது அவள்தான். அவளுக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் குழாயடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் குடங்களே நேராகிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவள் ஆளத் தொடங்கியதற்கு முந்தைய வருஷம் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்தி வைத்து, அந்தச் சண்டையில் ஒரு தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து ஊரில் இரண்டு சட்டம்: அடுத்தவர் குடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, முன்னால் நிற்கிற குடத்தைத் தாண்டி எந்தக் குடமும் போகக் கூடாது. தலைக்கு ஒரு குடம், ஆள் பஹ்ரைனில் இருந்தாலும் ஆழ்கடலில் இருந்தாலும் அவர் பேர் எழுதிய குடம் வரிசையில் நின்றால் அவரே நின்றதாகத்தான் கணக்கு.

கிணற்றின் ஓரத்தில் மதலேன் முதல் குடத்தை வைத்து, அதன் பின்னால் இரண்டாவது குடத்தை வைக்கச் சொன்னாள், பிறகு மூன்றாவதை, பிறகு நாற்பதாவதை. பச்சையும் ஆரஞ்சும் நீலமுமாகக் காலிக் குடங்கள் கடல் மேல் வாய் நிமிர்த்தி ஒரே கோட்டில் நின்றன, நீரோட்டம் அவற்றின் ஊடே தெற்கே போய்க்கொண்டிருந்தது, குடங்கள் போகவில்லை. ஆண்கள் தூரத்திலிருந்து இதைச் சிறிது நேரம் பார்த்தார்கள், பிறகு வலை எடுக்க நேரமாகிவிட்டதை நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் ஊர் நன்றாக இருந்தது. பருப்பு வெந்தது, துணியில் சோப்பு நுரைத்தது, தலைமுடி சிக்கில்லாமல் காய்ந்தது. ரெக்ஸிலின் அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு பிள்ளை தங்காமல் போய், இது மூன்றாவது. உப்புத் தண்ணீர் ஆகாது, நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தாள். தங்கை ஒரு செம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடிப்பதை மதலேன் அடுப்படியில் நின்று தினமும் பார்த்தாள், அவளுக்கு அதில் இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் சண்முகவடிவு மாதா கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டினாள். கிணற்றின் அகலம் நாற்பதடியிலிருந்து முப்பத்தொன்பதரையாகக் குறைந்திருக்கிறது என்றாள்.

"இது இப்ப பெய்த மழை இல்லம்மா. கடல் ரொம்பக் கிழக்க ஒதுங்கிக் கிடந்த காலத்துல, இந்த இடமெல்லாம் தரையா இருந்தப்ப பெய்த மழை. மணல்ல இறங்கி, மேல களிமண் மூடி, அதுக்கு மேல கடல் ஏறிருச்சு. இதுக்கு மேல இனிமே மழை விழாது. நீங்க ஒரு குடம் எடுத்தா அந்த இடத்துக்கு ஒரு குடம் கடல் உள்ள வரும்."

"அப்ப எத்தன நாளைக்குக் காணும், மேடம்?" என்று மதலேன் கேட்டாள்.

"நீங்க மட்டும் எடுத்தா ஆறு ஏழு வருஷம். குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டு போனா மூணு மாசம்."

மண்டபத்தில் யாரும் மூன்று மாதத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மதலேன் ஆறு ஏழு வருஷத்தைப் பற்றி யோசித்தாள். ரெக்ஸிலின் வயிற்றுப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது நடக்கும், பள்ளிக்கூடம் போய் வரும், தாகமெடுக்கும். அன்று மாலை அவள் புதிதாக ஒரு ரோஸ் நிறக் குடம் வாங்கி, அதில் பெயின்டால் "ரெக்ஸிலின் பிள்ளை" என்று எழுதி, மறுநாள் வரிசையின் முதல் இடத்தில் கொண்டு போய் வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் தன் வீட்டுக் குடத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறாள், ஆகவே முதல் இடத்தை அவள் ஒரு தடவை எடுத்துக்கொண்டதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"பெறக்காத பிள்ளைக்கா?" என்று மட்டும் ரோசாரி கேட்டார். அவர் மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஊரில் பேச்சு எடுபடுகிறவர்.

"பஹ்ரைன்ல இருக்கவனுக்கு வைக்கோம். இது பக்கத்துல, எந் தங்கச்சி வயித்துலதான இருக்கு" என்றாள் மதலேன்.

ரோசாரி வீட்டுக்குப் போய், இன்னும் கல்யாணமாகாத தன் மகன் மில்டனுக்குப் பிறக்கப்போகும் மகனுக்காக ஒரு நீலக் குடம் எழுதி இரண்டாவது இடத்தில் வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. மூன்றாம் நாள் பதினேழு குடங்கள் வந்தன, ஞாயிற்றுக்கிழமைக்குள் முந்நூறு, பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு. தன் குடத்துக்குப் பின்னால் பிள்ளையின் குடத்தை வைத்தால், பிள்ளையை முந்திக்கொண்டு குடித்தவன் என்று பேர் வந்துவிடுமே என்று எல்லோரும் தங்கள் குடத்தைப் பின்னால் தள்ளி, பிறக்காதவர்களை முன்னால் வைத்தார்கள். பேர் வைப்பதற்கென்றே வீடுகளில் சண்டை நடந்தது. ஒரு பையன் தான் காதலிக்கும் பெண்ணின் பேரையும் சேர்த்துப் பிள்ளைக்குக் குடம் எழுதிவிட, அந்தப் பெண் அதை வரிசையில் பார்த்துத்தான் விஷயத்தையே தெரிந்துகொண்டாள். தூத்துக்குடிக் கடைகளில் பிளாஸ்டிக் குடம் தீர்ந்து, மதுரையிலிருந்து வந்தது. வரிசை கிழக்கே நீண்டு, கரையிலிருந்து பார்த்தால் அதன் முனை தெரியாமல் போனது.

அப்போதுதான் வரிசை நின்றுவிட்டது. பஹ்ரைன்காரன் குடத்தை அவன் பெண்டாட்டி நிரப்பி வீட்டுக்குக் கொண்டு போவாள், அது வழக்கம்; ஆனால் பிறக்காத பிள்ளையின் குடத்தை இன்று நிரப்பினால் இன்று நாம்தானே குடித்துத் தீர்ப்போம், அதற்கா குடம் வைத்தது என்று மதலேன் கேட்டாள், அதில் நியாயம் இருந்தது. பிள்ளை வந்து தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை குடம் காத்திருக்கும். முதல் குடம் நகராததால் இரண்டாவது நகரவில்லை, முந்நூறாவது நகரவில்லை, உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் அதற்கும் பின்னால் இருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, மதலேன் வைத்த குடத்தைத் தாண்டலாம் என்று சொன்னால் தான் வைத்ததையும் தாண்டலாம் என்றாகிவிடும். பெண்கள் பழையபடி தெருமுனையில் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

"நான் கணக்குத்தான்க்கா சொன்னேன், வரிசை வைக்கச் சொல்லல" என்றாள் சண்முகவடிவு.

"நீங்க சொன்ன கணக்குக்குத்தான் இந்த வரிசை" என்றாள் மதலேன்.

கிணறு அதன் பிறகு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. சண்முகவடிவின் அறிக்கையைப் படித்து வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள், மக்கள் பங்கேற்போடு பாதுகாக்கப்படும் நீராதாரம் என்று அதற்கு ஒரு பேர் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பெரிய குழாயோடும் பம்போடும் ஒரு மிதவைக் கப்பல் வந்தது, அதில் உத்தரவுத் தாளோடு ஒரு பொறியாளர் நின்றார். அவர் கிணற்றுக்குள் குழாயை இறக்கச் சொன்னபோது வேலையாட்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குழாயடியில் அம்மாவுக்கு இடம் பிடித்து வளர்ந்தவர்கள்.

"வரிசைல குடம் நிக்கி சார்" என்றான் அவர்களில் மூத்தவன்.

பொறியாளர் கத்தினார், தாளைக் காட்டினார், யாருடைய குடம் என்று கேட்டார். அந்தந்தப் பேர்களைப் படித்துக் காட்டினார்கள். சாயங்காலம் கப்பல் திரும்பியபோது வரிசையின் கடைசியில் அவருடைய மகளின் மகளுக்காக ஒரு குடம் கூடியிருந்தது, மகளுக்கு அப்போது எட்டு வயது.

ரெக்ஸிலினுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது கால் வீங்கியது. லாரி ஒன்பது நாளாக வரவில்லை, வீட்டுக் குழாயில் வந்தது கைகழுவக்கூட ஆகாத உப்பு. பிள்ளை அசைவது குறைந்திருக்கிறது என்று அவள் சொன்ன காலையில் மதலேன் உண்மையிலேயே பயந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனவள் அவள்தான்.

"யக்கா, பிள்ளைக்கு வச்ச குடத்துல ஒரு செம்பு போதும்" என்றாள் ரெக்ஸிலின்.

மதலேன் வெளியே போய் நாலு ஆட்களைக் கூட்டி வந்தாள். ரெக்ஸிலினைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வள்ளத்தில் வைத்து, அவள் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, பட்டப்பகலில் ஊர் பார்க்கக் கிணற்றுக்குக் கொண்டு போனார்கள். பின்னாலேயே ரோசாரியின் வள்ளம் வந்தது.

"ஆளு வந்தாத்தான் குடம் நெறையணும்னு நீதான சொன்ன மதலேனு?"

"ஆளு வந்திருக்கு. இந்தா, உள்ள இருக்கு."

"பெறந்த பொறவுதான ஆளு?"

"தாகம் எடுத்தா ஆளுதான், மாமா."

ரெக்ஸிலின் குனிந்து ரோஸ் குடத்தைத் தானே நிரப்பினாள், செம்பில் மொண்டு மூச்சு விடாமல் மூன்று தடவை குடித்தாள், பிறகு வயிற்றில் கைவைத்துக்கொண்டு, உதைக்குது என்று சொல்லி அழுதாள். ரோசாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "சரி, அந்தப் பிள்ளை முறை முடிஞ்சுது" என்றார். மதலேன், முடிந்தது என்று ஒத்துக்கொண்டு, குடத்தைத் தூக்கி வள்ளத்தில் வைத்தாள். அந்த ஒரு குடத்தைப் பத்து நாள் வைத்துக் குடித்து ரெக்ஸிலின் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள், ஜெர்லின் என்று பேர் வைத்தார்கள்.

முதல் இடத்துக்கு இப்போது மில்டன் மகனின் நீலக் குடம் வந்தது. ஊரே சேர்ந்து மில்டனுக்குப் பெண் பார்த்தது. திருச்செந்தூரிலிருந்து இடிந்தகரை வரை படிப்பும் கேட்காமல், நகையும் கேட்காமல் பார்த்தது. மில்டன் எல்லோருக்கும் காபி கொடுத்து உட்கார வைத்து, தான் சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேரப் போவதாகச் சொன்னான். சேர்ந்தும்விட்டான். அவனைத் திரும்பி வரச் சொல்லும்படி பங்குச் சாமியாரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. குடத்தை எடுத்துவிடுங்கள் என்று ரோசாரியிடம் கேட்டதற்கு, குருப் பட்டம் வாங்குவதற்கு முன்னால் மனசு மாறி வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு என்று அவர் சொன்னார். அப்படி உண்டுதான். அடுத்தவர் குடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

நீலக் குடம் நின்றது. வெயிலில் அதன் நீலம் வெளுத்தது, அடியில் பாசி பிடித்தது. சண்முகவடிவு மாதா மாதம் வந்து, முப்பத்தொன்பதரை அடி, மாற்றமில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். லாரி வரும் நாட்கள் குறைந்தன, சில குடும்பங்கள் தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் குடி போயின, போவதற்கு முன்னால் கொள்ளுப்பேரன்களுக்கும் குடம் வைத்துவிட்டுத்தான் போயின.

ஜெர்லினுக்கு ஆறு வயது நடந்த வருஷம், ஜூன் மாதத்தில், லாரி இருபது நாள் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததாக ஆள் வந்து சொன்னது. உதடு வெடித்திருந்தது. ரெக்ஸிலின் அவளைத் தூக்கி வந்து அக்காவின் முன்னால் நிறுத்தினாள்.

"ஊர்ல எல்லாருக்கும் பெறக்காததுக்கெல்லாம் குடம் நிக்கி. எம் பிள்ளைக்கு இல்ல. இவளுக்கு ஒரு குடம் வையி, யக்கா."

அது உண்மைதான், வரிசையில் பேர் இல்லாத பிள்ளை ஊரில் அவள் ஒருத்திதான், அவள் முறை அவள் பிறக்கும் முன்பே முடிந்திருந்தது. மதலேன் ஒரு மஞ்சள் குடத்தில் ஜெர்லின் என்று எழுதி, அவளையும் தங்கையையும் ஒரு வள்ளக்காரரின் மோட்டார் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வரிசையின் கடைசியைத் தேடிப் போனாள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். ஜெர்லின் அந்த வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள், ஆகவே வழியெல்லாம் குடங்களின் பேரைப் படித்துக்கொண்டே வந்தாள், மில்டன் மகன், மில்டன் பேரன், செல்சியா மகள், செல்சியா மகளின் மகள். பத்து மணிக்குக் கரை மறைந்தது. பதினொன்றரைக்கு அவளுக்குப் படித்துச் சலித்துவிட்டது. கடைசிக் குடத்தின் பக்கத்தில் வள்ளம் நின்றபோது மணி ஒன்று ஆகியிருந்தது, கொண்டு வந்திருந்த அரை பாட்டில் தண்ணீரும் தீர்ந்திருந்தது.

மதலேன் மஞ்சள் குடத்தை எடுத்து, முந்தின குடத்துக்கு நேராகக் கண்ணால் கோடு பிடித்து, வைப்பதற்குக் குனிந்தாள்.

"பெரியம்மை, இவுகள்லாம் எங்க இருக்காக?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"இன்னும் பெறக்கல மக்ளே."

ஜெர்லின் திரும்பி, வந்த வழியிலிருந்த குடங்களைப் பார்த்தாள்.

"நான் பெறந்துட்டேன்ல?"

மதலேன் மஞ்சள் குடத்தை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு, வள்ளக்காரரிடம் எஞ்சினைத் திருப்பச் சொன்னாள், மேற்கே, கிணற்றை நோக்கி. கிணற்றடியில் வந்து நின்றதும் அவள் கையை நீட்டி மில்டன் மகனின் குடத்தைப் பிடித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் தொட்ட முதல் அடுத்தவர் குடம் அது. அடிப் பாசி வழுக்கியது, வெறும் குடம், கனமே இல்லை. அதை எடுத்து ஓரமாக விட்டதும் நீரோட்டம் அதைத் தெற்கே கொண்டு போனது.

அதன் பின்னால் நின்ற குடமும் மெல்ல அசைந்தது, அதன் பின்னால் நின்றதும். கரையில் யாரோ பார்த்துவிட்டுக் கத்தினார்கள், வள்ளங்களைத் தள்ளும் சத்தம் கேட்டது, பெண்கள் கைக்குக் கிடைத்த பாத்திரத்தோடு தண்ணீருக்குள் ஓடி வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள், முதல் வள்ளத்தில் ரோசாரி ஒரு அலுமினிய அண்டாவோடு நின்றார்.

மதலேன் கிணற்றில் செம்பை முக்கி ஜெர்லினிடம் கொடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துப் பாதி செம்பு குடித்தாள், மூச்சு வாங்கினாள், இன்னும் இரண்டு மடக்குக் குடித்தாள், போதும் என்று தலையாட்டிவிட்டு மிச்சத்தைக் கடலில் கொட்டினாள். பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய மழை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மதலேன் அவளைத் திட்டவில்லை, செம்பை வாங்கிக்கொண்டு, நெருங்கி வரும் வள்ளங்களைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.